பள்ளிக்கு வந்து சேரும் அரசாணை

தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரின் மேசைக்கு வரும் தாள்கள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. சட்டம், விதி, அரசாணை, அரசுக் கடிதம், இயக்குநரின் செயல்முறைகள், முதன்மைக் கல்வி அலுவலரின் சுற்றறிக்கை, கடைசியாக வாட்ஸ்அப் குழுவில் வரும் இரண்டு வரிச் செய்தி என்று அவை பல படிகளில் நிற்கின்றன. ஆசிரியர் அறைப் பேச்சில் 'ஜி.ஓ. வந்துடுச்சாம்' என்பதற்குள் இவை அத்தனையும் அடங்கிவிடும். விடுப்பு மறுக்கப்படும்போதும், தணிக்கையில் பிடித்தம் எழுதப்படும்போதும், வழக்கு நீதிமன்றத்தில் நிற்கும்போதும் அந்தப் பேச்சு செல்லாது. கையில் இருக்கும் தாள் எந்தப் படியைச் சேர்ந்தது என்பதே அங்கே கேள்வி.

மேல் படியில் இருப்பது சட்டம். 42-ஆவது அரசமைப்புத் திருத்தம் 1976-இல் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியதால், பள்ளிகளுக்கு நாடாளுமன்றமும் சட்டம் இயற்றலாம், சட்டமன்றமும் இயற்றலாம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் முதல் வகை. அது 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாடு தனியார் பள்ளிகள் (ஒழுங்குமுறை) சட்டம், 2018 இரண்டாம் வகை. சட்டத்துக்குக் கீழே விதிகள் வருகின்றன. கல்வி உரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாட்டு விதிகள் 2011-இல் வந்தன. ஆசிரியர் நியமனம், பதவி உயர்வு, முதுநிலை ஆகியவற்றை ஆளும் பணி விதிகள் அரசமைப்பின் 309-ஆவது பிரிவின்கீழ் உருவானவை. அரசாணை இவற்றுக்கும் கீழேதான். மாநில அரசின் நிர்வாக அதிகாரத்திலிருந்து அது பிறக்கிறது. 166-ஆவது பிரிவின்படி ஆளுநரின் பெயரால் வெளியாகிறது.

விதி எதுவும் சொல்லாத இடத்தை நிர்வாக ஆணையால் நிரப்பலாம், விதி சொல்வதை நிர்வாக ஆணையால் மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் சந்த் ராம் சர்மா வழக்கில் தெளிவாக்கியது. பள்ளி அலுவலகத்தில் எழும் பாதிச் சிக்கல்களுக்கு இந்த ஒரு வரியே விடை. இயக்குநரின் செயல்முறைகள் அரசாணையைச் சுருக்கவோ நீட்டவோ கூடாது. அதேபோல் அரசாணை பணி விதிக்கு எதிராகப் போகக் கூடாது. போக வேண்டுமானால் முதலில் விதியைத் திருத்த வேண்டும்.

ஆணையின் உடல்

அரசாணை வெளியாகும் வடிவம் பல ஆண்டுகளாக மாறவில்லை. உச்சியில் 'சுருக்கம்' என்ற தலைப்பின்கீழ், கோடு கோடாகப் பிரித்து, துறை, பொருள், முடிவு ஆகியவை ஒரே நீண்ட தொடராக இருக்கும். அது பெரும்பாலும் 'ஆணை வெளியிடப்படுகிறது' என்று முடியும். பிறகு துறையின் பெயர், அரசாணை எண், ஆங்கில நாளோடு திருவள்ளுவர் ஆண்டும் தமிழ் மாதத் தேதியும். அடுத்து 'படிக்கப்பட்டவை'. இந்த ஆணைக்கு முன்பு வந்த ஆணைகளும் கடிதங்களும் அங்கே வரிசையாக இருக்கும். பெரும்பாலோர் தாண்டிப் போகும் பகுதி இது. ஆனால் எந்தப் பழைய ஆணை தொடர்கிறது, எது திருத்தப்படுகிறது, கோரிக்கையை எழுப்பியது எந்த இயக்குநர் என்பதையெல்லாம் இங்கேதான் பார்க்க முடியும்.

எண்ணுக்கு முன் அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொல்லுக்கும் பொருள் உண்டு. '(நிலை)' என்று இருந்தால் கொள்கை, விதி, திட்டம் போன்று நின்று பயன்படும் விஷயம். '(வாலாயம்)' என்று இருந்தால் அன்றாட நிர்வாகம். பணச் செலவு உள்ள ஆணையின் கடைசிப் பத்திகளில் நிதித்துறையின் அ.சா. எண்ணும் நாளும் தந்து, அத்துறையின் இசைவுடன் ஆணை வெளியாவதாக ஒரு வரி இருக்கும். கருவூலத்தில் பட்டியல் சமர்ப்பிக்கும் இளநிலை உதவியாளர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். அமைச்சர் மேடையில் அறிவித்துவிட்டார் என்பதற்காகவோ, செய்தித்தாளில் வந்துவிட்டது என்பதற்காகவோ கருவூலம் ஒரு ரூபாயும் தராது. அறிவிப்பு வேறு, ஆணை வேறு. இரண்டுக்கும் நடுவே சில வாரங்களோ மாதங்களோ ஓடலாம்.

செயல்முறைகளின் வடிவம் வேறு. மேலே அலுவலரின் பதவி, 'முன்னிலை' என்று அவர் பெயர், ந.க. எண், நாள், 'பொருள்', 'பார்வை'. அரசாணையில் 'படிக்கப்பட்டவை' செய்யும் வேலையை இதில் 'பார்வை' செய்கிறது. பார்வையில் அரசாணை எண் எதுவும் இல்லாமல், 'ஆய்வுக் கூட்டத்தில் தெரிவித்தபடி' என்ற அளவில் ஓர் அறிவுரை வந்தால், அதன் வேர் ஆழமற்றது என்று கொள்ளலாம். அதற்காக அதை மீறலாம் என்பதில்லை. மேலலுவலரின் சட்டபூர்வ அறிவுரைக்குக் கீழ்ப்படிவது நடத்தை விதிகளின்படி கடமையே. அந்த அறிவுரையை மட்டும் நம்பி ஒருவரின் உரிமையைப் பறிக்கவோ புதிய உரிமையைக் கொடுக்கவோ இயலாது என்பதுதான் வேறுபாடு.

இறங்கி வரும் பாதை

கோட்டையில் இருக்கும் பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர் கையொப்பமிட்ட ஆணை, சென்னைக் கல்லூரிச் சாலையில் உள்ள இயக்ககங்களுக்குப் போகிறது. 'பப்ளிக் இன்ஸ்ட்ரக்‌ஷன்' இயக்குநர் என்ற பதவி சென்னை மாகாணத்தில் 1855-இல் உருவானது. அந்தப் பழைய பெயரின் முதலெழுத்துகள்தான் டி.பி.ஐ. வளாகம் என்று இன்றும் வழங்குகின்றன, வளாகத்துக்கு 2022-இல் பேராசிரியர் க. அன்பழகன் பெயர் சூட்டப்பட்ட பிறகும். பள்ளிக் கல்வி, தொடக்கக் கல்வி, தனியார் பள்ளிகள், அரசுத் தேர்வுகள் என்று இயக்ககங்கள் தனித்தனி. ஒரே ஆணை ஒவ்வோர் இயக்ககத்திலிருந்தும் தனிச் செயல்முறைகளாகக் கிளை பிரிவதால், உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்தது பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்கு மறு மாதம் வருவதும் நடக்கும்.

மாவட்டத்தில் முதன்மைக் கல்வி அலுவலர், அவருக்குக் கீழே மாவட்டக் கல்வி அலுவலர், ஒன்றிய அளவில் வட்டாரக் கல்வி அலுவலர். 2018-இல் நடந்த சீரமைப்பு, எல்லா வகைப் பள்ளிகளையும் முதன்மைக் கல்வி அலுவலரின் குடைக்கீழ் கொண்டுவந்தது. தொடக்கக் கல்விக்கென்று தனியாக இருந்த மாவட்ட அலுவலர் பதவி மறைந்தது. 2022-இல் அது மீண்டும் திருத்தப்பட்டு, தொடக்கக் கல்வி, இடைநிலை, தனியார் பள்ளிகள் என்று மாவட்டக் கல்வி அலுவலர்கள் பிரிக்கப்பட்டனர். இதனால் 2018-க்கு முந்தைய ஆணையில் இருக்கும் 'உரிய அலுவலர்' யார் என்பதை இன்றைய அமைப்போடு பொருத்திப் படிக்க வேண்டியிருக்கிறது.

வந்த வேகத்தில் திரும்பியவை

சில கொள்கைகள் பள்ளியை எட்டும்போதே மாறிக்கொண்டிருக்கும். கல்வி உரிமைச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தம், 5, 8 வகுப்புகளில் தேர்வு நடத்தி மாணவரை நிறுத்திவைக்கலாமா என்ற முடிவை மாநிலங்களிடம் விட்டது. தமிழ்நாடு அந்த ஆண்டு செப்டம்பரில் இவ்விரு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு அறிவித்தது. பெயர்ப்பட்டியல், தேர்வு மையம், கட்டணம் என்று பள்ளிகள் வேலையில் இறங்கின. கடும் எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரி 4 அன்று அது கைவிடப்பட்டது.

பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கதை இன்னும் நீளம். 2017 மே மாதத்தில் ஆணை வெளியாகி, 2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரிலேயே, கல்லூரிச் சேர்க்கைக்குப் பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் சேராது என்று அரசு சொல்லிவிட்டது. தேர்வு இருந்தது, அதன் பயன் பாதியானது. நீதிபதி த. முருகேசன் தலைமையிலான குழுவின் அறிக்கையை அடுத்து, 2025 ஆகஸ்ட் 8 அன்று மாநிலக் கல்விக் கொள்கையின் பள்ளிக் கல்விப் பகுதி வெளியானபோது, 2025-26 கல்வியாண்டிலிருந்து அந்தத் தேர்வே நீங்கியது. ஒரு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் எட்டு ஆண்டுகளுக்குள் மூன்று விதமான பதினொன்றாம் வகுப்பை நடத்தியிருக்கிறார்.

இவை அரசாணை அளவில் நடந்தவை. சுற்றறிக்கை அளவில் மாற்றம் இன்னும் விரைவு. வகுப்பறை இருக்கைகளை 'ப' வடிவில் போட வேண்டும் என்ற அறிவுறுத்தல் 2025 ஜூலையில் வந்தது. நாற்பது பேர் அமரும் சிறிய அறையில் அது எப்படி முடியும், கரும்பலகையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டுமே என்ற கேள்விகள் எழ, சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. 2019-இல் மாணவர்களின் சாதிக் கயிறுகளைத் தடுக்கச் சொன்ன இயக்குநரின் சுற்றறிக்கைக்கு அதைவிட வருத்தமான கதி. பழைய நிலையே தொடரும் என்று அமைச்சரே சொன்னதால், கயிற்றைக் கழற்றச் சொல்லத் துணிந்த ஆசிரியர்கள் பிடிமானம் இல்லாமல் நின்றனர். நல்ல நோக்கம் கொண்ட அறிவுறுத்தலும் மேலே உறுதி இல்லாவிட்டால் கீழே இருப்பவரைத்தான் காட்டிக்கொடுக்கும். நாங்குநேரியில் ஒரு மாணவர் சாதி வெறியால் தாக்கப்பட்ட சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024-இல் தந்த அறிக்கையில் அதே கயிற்றைத் தடை செய்யப் பரிந்துரைத்தது.

தேதியில் இருக்கும் சூட்சுமம்

பணியாளரின் சொந்த வாழ்க்கையைத் தொடும் ஆணைகளில் கவனிக்க வேண்டியது வெளியான நாளும் நடைமுறைக்கு வரும் நாளும். மகப்பேறு விடுப்பைப் பார்க்கலாம். 2011-இல் அது மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதமானது. 2016-இல் ஒன்பது மாதம். 2021 ஆகஸ்ட் 23-ஆம் நாளிட்ட ஆணையால் பன்னிரண்டு மாதம். கடைசி ஆணை நடைமுறைக்கு வந்தது முந்தைய ஜூலை 1-ஆம் நாளிலிருந்து. ஆணை கைக்கு வந்த நாளை வைத்துக் கணக்கிட்டால், இடைப்பட்ட வாரங்களில் விடுப்பில் இருந்தவருக்கு அநியாயம் நேரும். ஓய்வு வயதும் இப்படியே. 2020 மே மாதத்தில் 58 என்பது 59 ஆனது, 2021 பிப்ரவரியில் 60 ஆனது. இரண்டு முறையும் 'மே 31 அன்று ஓய்வு பெற இருப்பவர்' உள்ளே வருகிறாரா என்பதே ஊழியர் வட்டாரத்தின் முதல் கேள்வி. இரண்டு முறையும் உள்ளே வந்தார்கள்.

உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வில் தேதி எதிர்ப்பக்கமாக வெட்டியது. 2020 மார்ச் 10-ஆம் நாளிட்ட ஆணை அந்தச் சலுகையை நிறுத்தியது. அதற்கு முன்பே தேர்ச்சி பெற்று, ஒப்புதல் மட்டும் தாமதமானவர்களின் நிலை என்ன என்று அலுவலகங்கள் 'தெளிவுரை' கேட்டு எழுதிக்கொண்டே இருந்தன. தெளிவுரை என்பது கல்வித் துறையில் தனி இலக்கியம். ஆணை ஒரு பக்கம் என்றால் அதற்கான தெளிவுரைகள் ஒரு கோப்பு நிறைய.

தொடக்கக் கல்வித் துறையில் 'இருநூற்று நாற்பத்து மூன்று' என்று எண்ணை மட்டும் சொன்னாலே போதும். 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243, ஒன்றிய அளவில் இருந்த ஆசிரியர் முதுநிலையை மாநில அளவுக்கு மாற்றியது. பதவி உயர்வு வேண்டுமென்றால் குடும்பத்தை விட்டு வேறு மாவட்டம் போக நேரும் என்பதால், பெண்கள் பெரும்பான்மையாக உள்ள இத்துறையில் அது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்களின் டிட்டோஜாக் கூட்டமைப்பு தொடர் போராட்டங்களை நடத்தியது. வாய்ப்புக் குறைந்த ஒன்றியத்தில் பல்லாண்டாகத் தேங்கிக் கிடந்தவர்களோ அதை வரவேற்றார்கள். ஒரே ஆணை ஒரே பதவியில் இருப்பவர்களை இரண்டாகப் பிரிக்கும் என்பதைச் சங்க அறிக்கைகள் சொல்வதில்லை.

எல்லாவற்றிலும் சிக்கலானது ஆசிரியர் தகுதித் தேர்வு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட அறிவிக்கையில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போருக்கு இத்தேர்வைத் தகுதியாக்கியது. தமிழ்நாடு 2011 நவம்பர் 15-ஆம் நாளிட்ட அரசாணை 181 மூலம் அதை ஏற்றது; முதல் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. 150-க்கு 90 என்ற தேர்ச்சி மதிப்பெண், 2014-இல் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 82 ஆகத் தளர்த்தப்பட்டது. முன்பே பணியில் இருந்தவர்களுக்குத் தேர்வு வேண்டாம் என்பதே பொதுவான புரிதலாக இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில், பணியில் தொடரலாம், பதவி உயர்வுக்குத் தேர்வு வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று இன்னும் ஓரடி மேலே போனது: ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும், ஐந்து ஆண்டுகளுக்குள் உள்ளவர்கள் தேர்வின்றித் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. தமிழ்நாடு அரசு சீராய்வு கோரியது. இருபது ஆண்டு பாடம் நடத்தியவர் மீண்டும் தேர்வறைக்குப் போவது நியாயமா என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். மாநில ஆணையை நம்பி உருவான ஒரு புரிதலை மேலே உள்ள மத்தியச் சட்டம் பதினைந்து ஆண்டு கழித்தும் கலைக்க முடியும் என்பதை இந்த வழக்கு காட்டிவிட்டது.

குழந்தைப் பாதுகாப்பு: தனி மனிதப் பொறுப்பு

மற்ற ஆணைகளை மீறினால் துறை நடவடிக்கை. குழந்தைப் பாதுகாப்பில் மட்டும் பொறுப்பு குற்றவியல் சட்டம் வரை நீள்கிறது. பள்ளியில் உடல் தண்டனையை அனுமதித்த தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-ஆவது விதி 2003-இல் மாற்றப்பட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அதனால் மாணவரை வெயிலில் நிறுத்துவது மட்டுமல்ல, வகுப்பின் முன் பெயர் சொல்லிக் கேலி செய்வதும் இதற்குள் வரும்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம், 2012 இன்னும் கடுமையானது. குற்றம் நடந்ததாக அறிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சக் காரணம் உள்ளவரும் காவல் துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 19-ஆவது பிரிவு. தெரிவிக்காவிட்டால் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. பள்ளிகளில் நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு: 'முதலில் உள்விசாரணை நடத்திப் பார்ப்போம், மானம் போய்விடும்' என்பது. சட்டத்தில் அந்தப் படியே இல்லை. ஆசிரியர் தலைமையாசிரியரிடம் சொன்னதோடு கடமை முடிந்தது என்றும் இல்லை. உதவிக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், தமிழ்நாட்டில் 14417 என்ற கல்வி உதவி எண்ணும் இருக்கின்றன.

கற்பித்தல் அல்லாத வேலைகள்

ஆசிரியர்களின் நிரந்தர முறையீடு இதுதான். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், உள்ளாட்சி முதல் நாடாளுமன்றம் வரையான தேர்தல் பணி ஆகிய மூன்றைத் தவிர வேறெதற்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. வாக்காளர் பட்டியல் திருத்தத்தை விடுமுறை நாட்களிலும் வகுப்பில்லா நேரத்திலும் செய்ய வேண்டும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆனால் எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் விவரம் ஏற்றுவதும், செயலியில் வருகையைப் பதிவதும், படம் எடுத்துக் குழுவில் போடுவதும் 27-ஆவது பிரிவின் எந்தத் தடைக்குள்ளும் வராது, ஏனெனில் அவை 'கல்விப் பணி' என்றே கணக்காகின்றன. சட்டம் எழுதியவர்கள் நினைத்துப் பார்க்காத ஓட்டை இது. ஆசிரியரின் மணிநேரம் பெரும்பாலும் இதன் வழியாகத்தான் ஒழுகுகிறது.

கோப்பில் வைக்க வேண்டியது

புதிய ஆணை வரும்போது அது எந்த வகைப் பள்ளிக்குப் பொருந்துகிறது என்பதை முதலில் பார்ப்பது நல்லது. அரசு, அரசு உதவி பெறும், சுயநிதி என்ற மூன்றும் சேர்ந்தே எப்போதும் வருவதில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தேர்ந்தெடுத்த 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் ஊரக உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. இடைப்பட்ட காலத்தில் 'எங்களுக்கு ஏன் இல்லை' என்ற பெற்றோரின் கேள்விக்கு விடை அந்தந்த ஆணையின் எல்லையிலேயே இருந்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யாரோ ஒருவர் பெற்ற பதிலைப் படமெடுத்து, அதையே விதி போலப் பரப்புவதும் பெருகிவிட்டது. அந்தப் பதில் ஓர் அலுவலகம் தன்னிடம் உள்ள தகவலைத் தருவது மட்டுமே. புதிதாக எதையும் ஆணையிடும் அதிகாரம் அதற்கு இல்லை. மழைக்கால விடுமுறை அறிவிப்புகள் போலியாகச் சுற்றுவது ஆண்டுதோறும் நடக்கிறது. மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பில் நாளையும் மாவட்டத்தையும் பார்த்தாலே பாதிப் பொய் வெளுத்துவிடும்; மீதி பழைய ஆண்டின் உண்மையான அறிவிப்பாக இருக்கும்.

தமிழ்நாட்டில் இல்லாத ஒன்று, நாளது வரை திருத்தப்பட்ட ஒரே தொகுப்பு. இங்கிலாந்தில் குழந்தைப் பாதுகாப்பு தொடர்பான சட்டபூர்வ வழிகாட்டி பெரும்பாலும் ஆண்டுதோறும் செப்டம்பரில் புதுப்பிக்கப்படுகிறது. மாணவர்களோடு நேரடியாகப் பணிபுரியும் எல்லாரும் படிக்க வேண்டிய பகுதி எது, சட்டக் கட்டாயம் எது, தக்க காரணமின்றி விலகக் கூடாத அறிவுரை எது, சென்ற ஆண்டிலிருந்து மாறியது எது என்று அதிலேயே சொல்லிவிடுகிறார்கள். இங்கே அந்த வேலையை ஆசிரியர் சங்கங்களின் நாட்குறிப்பு ஏடுகளும், ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர்களின் நினைவாற்றலும் செய்கின்றன. துறை செய்ய வேண்டிய வேலை அது.

ஆணை தவறாகப் பொருத்தப்பட்டதாக ஒருவர் கருதினால், உரிய வழியில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றதற்கான ஒப்புகையை வைத்துக்கொள்வது முதல் படி. வட்டாரக் கல்வி அலுவலரோ மாவட்டக் கல்வி அலுவலரோ எழுத்தில் தரும் மறுப்பு இருந்தால்தான் இயக்குநரிடம் மேல்முறையீடு சரியாக நிற்கும். அதன் பிறகே 226-ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றம். தென்மாவட்டத்தவருக்கு மதுரைக் கிளை. பணி வழக்குகளில் கிடைக்கும் இடைக்கால உத்தரவும் பல நேரம் தீர்ப்பும் மனுதாரருக்கு மட்டுமே நடைமுறைப்படுத்தப்படுகின்றன. அதே நிலையில் உள்ள மற்றவர்களுக்குப் பலன் நீள வேண்டுமானால், தீர்ப்பை ஏற்று அரசு பொது ஆணை வெளியிட வேண்டும், அல்லது அவர்களும் தனித்தனியாக வழக்குத் தொடுக்க வேண்டும்.